தட்டைக்கல்

“எதை எடுத்தாலும் பாதியில உக்காந்துருவே நீ. உன்னைக் கூட்டிக்கிட்டு ஒரு காரியம் முழுசா முடிச்சதா எனக்கு ஞாபகமே இல்ல.” அப்படித்தான் சொன்னார் தயாளன், ஒரு எழுத்து கூடவுமில்லை குறையவுமில்லை. வனஜாவுக்கு மளிகைச் சாமான் மறந்துபோகும், சொந்தக்காரர்கள் பெயர் மறந்துபோகும், புருஷன் திட்டியது மட்டும் மறக்காது. அதே குரலில், அதே இழுப்பில், கடைசி ‘இல்ல’வுக்குப் பிறகு மூக்கை உறிஞ்சியது உட்பட, திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கேட்க யாருமில்லை. தலைக்கு மேல் துருத்திக்கொண்டிருந்த பாறை, முன்னால் சரிந்து இறங்கும் கல்லோடை, எங்கோ கீழே காய்ந்து வெளுத்த ஆற்றுப்படுகையில் பல்லில் சிக்கிய சோற்றுப் பருக்கை மாதிரி அவர்கள் கார், அவ்வளவுதான். சொன்னவர் உச்சியைத் தொட்டுவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். பாதியாம். யார் சொல்வது. டீயைக்கூட முழுசாகக் குடிக்கத் தெரியாத மனுஷன், மஸ்கட்டில் அவர்கள் குடியிருக்கிற ரூவி ஃப்ளாட்டில் எந்த ஜன்னல் திட்டைத் தடவினாலும் அடியில் கால்வாசி டீ உறைந்த தம்ளர் ஒன்று கையில் தட்டுப்படும். மஸ்கட்டுக்கு வந்த புதிதில் அரபி கற்றுக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தார், இன்றைக்கும் எண்ண மட்டும்தான் வரும், அதுவும் காய்கறிக் கடை வரைக்கும். கீபோர்டு ஒன்று வாங்கினார், அது கட்டிலுக்கடியில் உறை கழற்றாமல் கிடக்கிறது, பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் பட்டு உள்ளே ஏதோ ஒரு கட்டை முனகும். இப்போது மலை. நெஞ்சுக் குழாயில் அடைப்பு எடுத்து ஸ்டென்ட் வைத்த டாக்டர் தினம் நடங்கள் என்றார், கடற்கரையில் நட என்கிற அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பார் பாவம், இவர் ஆபீஸ் பிஜுவோடு சேர்ந்துகொண்டு வெள்ளிக்கிழமைக்கு ஒரு மலை என்று ஓமானைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். இன்று பிஜுவுக்குக் காய்ச்சல். அதனால் இவர் பெண்டாட்டிக்கு அதிர்ஷ்டம்.

இந்த மலைக்குப் பெயர் கிடையாது, பாதையும் கிடையாது, அதுதான் இதன் பெருமையாம். பாதை இருந்தால் அது மலையா, படிக்கட்டு என்று பிஜு சொல்வானாம். கோடையில் இந்தப் பாறைமேல் தோசை வார்க்கலாம், ஜனவரியில் மட்டும்தான் மனுஷன் காலை வைக்கலாம், அதுவும் எப்படி, வெயிலில் நின்றால் முதுகு பொசுங்குகிறது, நிழலுக்கு வந்தால் பல் கிட்டுகிறது, நடுவாந்திரமாக ஒரு இடத்தைக் கடவுள் இந்த ஊருக்கென்று வைக்கவே இல்லை. செடி என்று பார்த்தால் முள். உயிர் என்று பார்த்தால் ஆட்டுப் புழுக்கை, அதை இட்ட ஆடு எங்கே இருக்கிறதோ. கால் வைக்கிற கல்லெல்லாம் உடைத்த செங்கல் மாதிரி கூராக இருந்தது, ஒவ்வொன்றும் தான் நகரப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லாமல் நகர்ந்தது. காலையிலிருந்து அவர் முதுகையே பார்த்து ஏறினாள். ஓடை எங்கெல்லாம் இரண்டாகப் பிரிந்ததோ அங்கெல்லாம் நின்று, குனிந்து, தேடி, தட்டையாக மூன்று கல் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். “மூணு தட்டைக்கல்லு தானா இப்படி நிக்காது வனஜா, மனுஷன் வச்சாத்தான் நிக்கும். திரும்பி வரும்போது மூளையே வேண்டாம், கல்லைப் பாத்து எறங்கிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.” மூளை வேண்டாம் என்றால் உங்களுக்கு வசதிதானே என்றாள். சிரித்தார். அப்போது சிரிக்கிற நிலைமையில்தான் இருந்தார்கள். ஓடை முடிந்து, குதிரை முதுகு மாதிரி வளைந்த மேட்டுக்கு வந்ததும் கையை நீட்டிக் காட்டினார். மேட்டிலிருந்து ஒரே பக்கமாக இரண்டு ஓடைகள் கீழே போயின, நடுவில் ஒரு பெரிய பாறை. “ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு பாத்தியா. நாம ஏறி வந்தது இது. அதுல எறங்கினா பாதி தூரத்துல மலையைச் சுவர் மாதிரி வெட்டி விட்டிருக்கு, அப்புறம் நேரா மேல்லோகம்தான்.” சொல்லிவிட்டு ஏறி வந்த ஓடையின் வாயில் மூன்று கல் வைத்தார். அந்த மேட்டில் தட்டைக்கல்லே கிடையாது, சுற்றிச் சுற்றி வந்து எங்கிருந்தோ பொறுக்கினார், வைத்து முடித்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஒரு வேலையை முழுசாகச் செய்தார் என்றால் அது ஒன்றுதான்.

அங்கேதான் எலுமிச்சை சோற்று டப்பாவைத் திறந்தாள். முதல் வாய் வைத்ததும் சொன்னார். “வனஜா, ஒண்ணு சொல்லணும். அந்த எடத்தைக் கைமாத்தியாச்சு.” எந்த இடம் என்று கேட்டாள், கேட்டபோதே தெரிந்தது, அவர்களுக்கு இருப்பது ஒரே இடம். பாளையங்கோட்டையைத் தாண்டி, வேப்பமரம் நிற்கிற மூலை மனை. “போன மாசமே முடிஞ்சிருச்சு. நிகில்தான் சொன்னான், அங்க போய் ரெண்டு பேரும் தனியாக் கிடந்து என்ன பண்ணப் போறீங்க, கனடாவுக்கு வாங்கன்னு.” ஆக பிள்ளைக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் அம்மா சாப்பிட்டியா என்று கேட்கிற பிள்ளைக்குத் தெரியும், வாங்கியவனுக்குத் தெரியும், பத்திரம் எழுதியவனுக்குத் தெரியும், வேப்பமரத்துக்குக்கூட இந்நேரம் தெரிந்திருக்கும். மார்ச்சில் வேலை முடிந்து விசாவை ரத்து செய்து ஊருக்குப் போனதும் வீட்டை எழுப்பிவிடலாம் என்று இவள் மட்டும் தரைக்கு எந்தக் கல், மொசைக்கா டைல்ஸா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஏன் இங்கே வைத்துச் சொன்னார் என்பது மட்டும் விளங்கியது. வீட்டில் சொன்னால் அவள் கதவை அறைந்து சாத்துவாள். இங்கே கதவு கிடையாது. அழுதுகொண்டு தங்கச்சிக்கு ஃபோன் போடுவாள், இங்கே சிக்னல் கிடையாது. யோசித்துத்தான் மலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். டப்பாவை மூடினாள். எழுந்திரு, உச்சி அந்தாத் தெரியுது என்றார், நான் வரவில்லை என்றாள், அப்போதுதான் சொன்னார் அந்தப் பாதியை. பிறகு குரல் இறங்கி, இங்க காத்து அடிக்கி, கொஞ்சம் கீழ எறங்கி அந்தப் பாறைக்கு அடியில உக்காரு, தொட்டுட்டு வந்துருதேன், அசையாத என்றார். அவர் ஃபோன் சார்ஜ் தீர்ந்து செத்துப்போயிருந்தது, அதையும் அவள் பையிலேயே போட்டார். தண்ணீர், டார்ச், ஸ்வெட்டர், அவருடைய நெஞ்சு மாத்திரை, எல்லாம் எப்போதும் அவள் பையில்தான், அவர் கைவீசி நடக்கிற ஜாதி. குச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார், இரும்புப் பூண் கல்லில் டக் டக்கென்று படுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

பாதி. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, கருங்கல் நிரப்பி, பேஸ்மட்டம் வரைக்கும் வந்து நின்ற வீட்டை அவள் நிறுத்தினாளா. அந்த வருஷம் நிகிலுக்கு இன்ஜினியரிங், அடுத்த வருஷம் அவர் தம்பிக்கு ஏதோ முடை, அதற்கடுத்த வருஷம் ஒன்றுமே இல்லை, சும்மாவே நின்றது. லீவில் போகும்போதெல்லாம் ஆட்டோ வைத்துப் போய்ப் பார்ப்பாள். முழங்கால் உயரத்துக்குச் சுவர், உள்ளே ஆவாரஞ்செடி, யாரோ கட்டிவைத்த மாடு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவாள், ஆட்டோக்காரன் பார்த்துச் சிரிப்பான், சிரிக்கட்டும். இது ஹால், இது படுக்கை அறை, இது அடுப்படி, இங்கே பாத்திரம் தேய்க்கிற தொட்டி, தொட்டிக்கு நேர் மேலே ஜன்னல். அவள் கேட்டது அந்த ஜன்னல் ஒன்றுதான். ரூவி ஃப்ளாட்டின் அடுப்படியில் ஜன்னலே இல்லை, ஒரு எக்ஸாஸ்ட் விசிறி, மற்றபடி டைல்ஸ், வந்த நாளிலிருந்து அதே டைல்ஸைப் பார்த்தபடி பாத்திரம் தேய்க்கிறாள், எந்த டைல்ஸில் எங்கே கீறல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஒருதடவை சொல்லி அழுததற்கு அடுத்த நாள் காலண்டரிலிருந்து ஒரு தோட்டத்துப் படத்தைக் கிழித்துவந்து தொட்டிக்கு மேலே ஒட்டினார், ரோஜாவும் புல்வெளியுமாக, “ஜன்னல் இல்லேன்னா என்ன, இந்தா, திறந்தே இருக்கு” என்றார். எண்ணெய்ப் புகை ஏறி ரோஜாவெல்லாம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. அதைக் கிழித்துப் போடவேண்டும் என்று தினமும் நினைக்கிறாள். கிழிக்கவில்லை. ஆமாம், அதுவும் ஒரு பாதி, எழுதிக்கொள்ளட்டும். பள்ளிக்கூடத்து சிஸ்டர் பெர்னதெத் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். தையல் வகுப்பில் ஓரம் பாதி அடித்த கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்து, கேர்ள்ஸ், லுக் அட் திஸ், இதுதான் வனஜாவின் கேரக்டர் என்று காட்டியவள். அந்தக் கைக்குட்டைக்கு அப்புறம் எல்லாவற்றையும் முடித்தாள் வனஜா, கான்வென்ட்டை முடித்தாள், பி.எஸ்ஸி. முடித்தாள், மாமியாரின் கடைசி மூன்று வருஷப் படுக்கையை முடித்தாள், பிள்ளையை வளர்த்து முடித்து விமானம் ஏற்றினாள், தட்டில் போட்டதை மிச்சமில்லாமல் தின்று முடித்தாள். எதிலும் கையெழுத்து மட்டும் அவளுடையதில்லை.

விரல் நுனி விறைத்துவிட்டது. ஃபிளாஸ்க்கில் டீ ஆறிப்போயிருந்தது, இருந்தாலும் குடித்தாள், முழுசாக. நிழல் ஓடைக்குள் இறங்கி அவளுடைய ஷூ வரைக்கும் வந்திருந்தது. இவ்வளவு நேரம் என்ன உச்சி. மேலே உட்கார்ந்துகொண்டு இறங்க மனசில்லாமல், கீழே ஒருத்தி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கிறாளே, இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்று இருப்பார். ஆறாது. காத்திருக்கிறதுதான் அவள் பிழைப்பு, ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு, லீவு கிடைக்கிறதுக்கு, கரண்ட் வருகிறதுக்கு, பிள்ளை ஃபோனுக்கு. ஆனாலும் இத்தனை வருஷத்தில் அதில் அவளுக்குக் கை பழகவில்லை, உட்கார்ந்தால் உடம்பெல்லாம் எறும்பு. அசையாதே என்றவர் பேச்சை மீறி எழுந்துவிட்டாள். வெயிலாவது படட்டும் என்று மறுபடி மேட்டுக்கு ஏறினாள். வெயில் இந்த ஓடையை விட்டுப் போயிருந்தது, அந்தப் பக்கத்து ஓடையின் வாயில் மட்டும் மஞ்சளாக விழுந்திருந்தது. அங்கே போய் உட்கார்ந்தாள். சும்மா உட்காரத் தெரியாத கை, பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்தது, வைத்தது, இன்னொன்றை எடுத்தது. கல்யாணமான புதிதில் திருப்பதிக்கு நடந்து ஏறியபோது படியோரம் எங்கே பார்த்தாலும் குட்டிக் குட்டிக் கல் அடுக்கு, சொந்த வீடு அமையவேண்டும் என்று ஏறுகிறவர்கள் வைத்துவிட்டுப் போனது. கான்வென்ட்டில் படித்தவள், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று இங்கிலீஷில் சொன்னாள், சொல்லிக்கொண்டே குனிந்து வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். “மாடி வேண்டாமா” என்று கேட்டு மேலே ஒரு கல் வைத்தார், சரிந்தது, மறுபடி வைத்தார். அந்த மனுஷன்தான். அதே கைதான் போன மாதம் எங்கேயோ பேனா பிடித்தது.

சரி, இன்றைக்கு முழுசாகவே கட்டிவிடுவோம் என்று ஒரு வெறி வந்தது அவளுக்கு. கூர்க்கல்லெல்லாம் நிற்கமாட்டேன் என்றது, அடுக்கினால் உருண்டது. தட்டைக்கல் தேடினாள், சுற்றிச் சுற்றி வந்தாள், இல்லை. எதிரே, ஏறி வந்த ஓடையின் வாயில், மூன்று தட்டைக்கல் லட்சணமாக உட்கார்ந்திருந்தன, வேலை வைக்காமல் ஒருத்தர் பொறுக்கியே வைத்திருந்தார். எடுத்துக்கொண்டாள். கேட்டுக்கொண்டா அவர் அவளுடைய மனையை எடுத்தார். ஒன்றை அடியில் போட்டாள், பேஸ்மட்டம். சுற்றிக் கூர்க்கல்லை முட்டுக் கொடுத்தாள். இரண்டாவது தளம். மூன்றாவது மொட்டைமாடி. நன்றாக வந்துவிட்டது. கடைசியில் முழங்கால் உயரத்துக்கு நின்றது, நிஜ வீடு நின்ற அதே உயரம், வெயிலில் அதன் நிழல்கூட ஒரு வீட்டு நிழல் மாதிரி நீளமாக விழுந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு குளிர் வந்தது, வெயில் போய்விட்டது, திரும்பி இந்தப் பாறைக்கடியிலேயே வந்து ஒடுங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பாறைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ கல் உருண்டது. ஆடு என்று நினைத்தாள். இந்த மலையில் ஆடு உருட்டுகிற கல்லுக்குக் கணக்கில்லை. நிறைய உருண்டது, ஒரு மூட்டை ஜல்லியைக் கொட்டின மாதிரி, அப்புறம் அடங்கிவிட்டது. அந்த நேரத்தில் அவள் வீட்டுக்குப் போனதும் பேசவேண்டிய பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தாள். பேசக்கூடாது, அதுதான் பேச்சு. கார் முழுக்கப் பேசக்கூடாது, சாப்பாடு வைக்கவேண்டும், பேசக்கூடாது. மார்ச்சில் அவர் கனடா போகட்டும், தான் நாகர்கோவிலில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவது, தங்கச்சி வீட்டு அடுப்படியில் ஜன்னல் இருக்கிறது, கொல்லை தெரியும், ஆனால் அது தங்கச்சியின் ஜன்னல். மறுபடி அங்கேயே வந்து முட்டிக்கொண்டது. அறுபதை நெருங்குகிற பெண்பிள்ளைக்கு எந்த ஊரிலும் தன் பேரில் ஒரு ஜன்னல் இல்லை.

வரட்டும். வந்து இந்த இருட்டில் அவரேதான் கூட்டிக்கொண்டு இறங்கவேண்டும், அவளுக்கு வழி தெரியாது, மூளை வேண்டாம் என்றாரே, கல்லைப் பார்த்து இறங்குகிற வேலை அவருடையது. உச்சியிலிருந்து வருகிறவருக்கு மேட்டில் இரண்டு ஓடையும் ஒன்றாகத்தான் தெரியும், அண்ணன் தம்பி, அவரே சொன்னார், மேட்டுக்கு வந்து நிற்பார், மூன்று தட்டைக்கல்லைத் தேடுவார், இந்தா இருக்கிறது என்று ஓடை வாயில் வந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தானாக நிற்காது, மனுஷன் வைத்தால்தான்.

எந்த ஓடை வாயில்.

வனஜா எழுந்தபோது பாறை நெற்றியில் இடித்தது, அதை அவள் பிற்பாடுதான் உணர்ந்தாள். பையைத் தோளில் மாட்டாமல் இழுத்துக்கொண்டே ஏறினாள், உள்ளே ஃபிளாஸ்க் டப்பாவில் முட்டிச் சத்தம் போட்டது, இல்லை, அப்படி இருக்காது, அவருக்குத் தெரியும், ஏறி வந்த வழி தெரியாமலா போகும், இருபது மலை ஏறினவர், ஆனால் அவருக்குக் காய்கறிக் கடைக்குப் போய்விட்டு வரும்போதே எந்தச் சந்து என்று தெரியாது, மூலையில் இருக்கிற பச்சைப் போர்டைப் பார்த்துத்தான் திரும்புவார், போர்டை ஒருதடவை பெயிண்ட் அடிக்கக் கழற்றியபோது அடுத்த தெருவுக்குப் போய் வேறு யார் வீட்டு மணியையோ அடித்தார், இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் கண்ணை நம்பமாட்டார், அடையாளத்தை நம்புவார். அடையாளத்தை அவள் எடுத்து வீடு கட்டியிருக்கிறாள். மேட்டில் காற்று முகத்தில் அறைந்தது. ஏறி வந்த ஓடையின் வாயில் ஒன்றுமில்லை, கல் இருந்த இடத்தில் வெறும் மண். அந்தப் பக்கத்தில், மிச்ச வெளிச்சத்தில், அவள் வீடு அழகாக நின்றுகொண்டிருந்தது, எந்தக் குருடனுக்கும் தெரிகிற மாதிரி. டார்ச்சை அடித்தாள். வீட்டைத் தாண்டிக் கீழே, பாறையில் வெள்ளை வெள்ளையாகப் புதுக் கீறல், குச்சியின் இரும்புப் பூண் ஊன்றி ஊன்றிப் போன கீறல். அதற்கும் கீழே ஜல்லி சரிந்து, உள்ளிருந்த கல் இன்னும் வெயில் காணாத நிறத்தில் பிளந்து கிடந்தது.

“ஏங்க,” என்றாள். அடுப்படியிலிருந்து ஹாலுக்குக் கூப்பிடுகிற அளவுக்குத்தான் வந்தது. “ஏங்க, அது நான் வச்ச கல்லு. அதைப் பாத்துப் போகாதீங்க. அங்கேயே நில்லுங்க, நான் வாரேன்.” காத்திருந்தாள். பையில் தண்ணீர் இருக்கிறது, ஸ்வெட்டர் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, எல்லாம் இவளிடம்தான் இருக்கிறது. அப்போது கல்லை உருட்டியது ஆடாகத்தான் இருக்கும். ஆடு குச்சி ஊன்றாது. அவள் இறங்கத் தொடங்கினாள், கீறலுக்குக் கீறல் டார்ச்சை வைத்து, ஒரு கையைப் பாறையில் பிடித்து, கல் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது, மனை போகட்டும், கனடாவுக்கே போகலாம், பனியில் கிடக்கலாம், அந்தக் காலண்டர் படத்தைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டால் போகிறது, இதையெல்லாம் நினைத்ததற்காக அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது, இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கக்கூடியதாகவா இருந்தது அது, இல்லை, விட்டுக்கொடுக்கவில்லை, இன்னும் ஆறவில்லை, ஆறாத மட்டும் திட்டுவதற்கு எதிரே ஆள் வேண்டும். கீறல் முடிந்த இடத்தில் காலடி மொத்தமாக நழுவியது. சறுக்கி ஒரு திட்டில் உட்கார்ந்துவிட்டாள், பிடிக்கு ஒரு முள்செடி. அதற்கு மேல் கால் எழவில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டார்ச் வெளிச்சம் கொஞ்ச தூரம் கல்லில் போய், அப்புறம் படுவதற்கு ஒன்றுமில்லாமல் வெறும் காற்றில் போனது.

“ஏங்க, உக்காந்துட்டேங்க. பாதியிலதான் உக்காந்துட்டேன். எதை எடுத்தாலும்னு சொன்னீங்கல்ல, அதையே இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க.”